கிளாசிக் மாத்: பழைய 11 அடிப் பந்தயப் படகை மீட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒருவர் மட்டும் ஓட்டும் பந்தயப் பாய்ப்படகுகளில் மாத் வகைக்குப் பிறந்த ஊர் இரண்டு. 1928-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து இன்வர்லாக்கில் லென் மோரிஸ் ஒரு 11 அடிப் படகு கட்டினார். அது தெரியாமலேயே அடுத்த ஆண்டு அமெரிக்காவின் வட கரோலினாவில், எலிசபெத் சிட்டியில், ஜோயல் வான் சான்ட் தன் ‘ஜம்பிங் ஜூனிபர்’ படகை நீரில் இறக்கினார். குறிப்பிட்ட நீளம், அகலம், பாய்ப் பரப்புக்குள் யாரும் தங்கள் விருப்பப்படி கட்டிக்கொள்ளலாம் என்ற விதிதான் இந்த வகையை வளர்த்தது. அமெரிக்காவில் அதைக் கிட்டத்தட்ட முடித்துவைத்ததும் அதே விதிதான். 1970-களின் தொடக்கத்தில் சர்வதேச வரம்புகள் தளர்ந்தன. ஓட்டுபவர் வெளியே சாய்ந்து உட்காரும் பக்கச் சிறகுகளும் மிகக் குறுகிய, மிக இலேசான படகுகளும் வந்தன. வீட்டுக் கொட்டகையில் கட்டிய பிளைவுட் படகுகளுக்குப் பந்தயத்தில் இடமில்லாமல் போயிற்று.

1980-களின் இறுதியில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் சிலர் பழைய வரம்புகளை அப்படியே நிறுத்திவைத்து, கிளாசிக் மாத் என்ற பெயரில் மறுபடி தொடங்கினார்கள். நீளம் 11 அடி, அகலம் அதிகபட்சம் 60 அங்குலம், பாய் 72 சதுர அடி, கூட்டின் (பாயும் பாய்மரமும் இல்லாத வெறும் படகுடலின்) எடை குறைந்தது 75 பவுண்டு, அதாவது 34 கிலோ. சிறகு கிடையாது, நீர்மேல் தூக்கும் ஃபாயில் கிடையாது. இந்த மறுமலர்ச்சியை நம்பிப் பழைய படகை வாங்குகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதைப் பார்ப்போம்.

பெயரைப் பார்த்து வாங்குவது

மாத் என்ற பெயரில் விற்பனைக்கு வருவதெல்லாம் ஒரே படகு அல்ல. 1932-இல் சிட்னி செவர்ட்டன் வரைந்த பிரிட்டிஷ் மாத் தனி வகை. எல்லாப் படகும் ஒரே வடிவம். ‘யூரோப்’ படகு 1960-களில் பெல்ஜியத்தின் அலோய் ரோலண்ட் வரைந்த மாத் வடிவத்திலிருந்து தனியாகப் பிரிந்தது. 1992 முதல் 2004 வரை ஒலிம்பிக்கில் பெண்களின் ஒற்றையர் படகு அதுதான். இன்றைய சர்வதேச மாத் ஃபாயிலில் பறக்கிறது. 2005-இல் மெல்பர்னில் ரோஹன் வீல் ஃபாயிலிலேயே உலகப் பட்டம் வென்ற பிறகு அந்த வகை திரும்பிப் பார்க்கவில்லை. விளம்பரத்தில் ‘பழைய மாத், 11 அடி’ என்று மட்டும் இருந்தால், அகலத்தையும் பக்கவாட்டு அமைப்பையும் கேட்டு, படம் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சிறகு பொருத்தக் குழாய் நுழையும் துளைகள் பக்கங்களில் இருந்தால் அது கிளாசிக்கில் சேராது. துளையை அடைத்தால் சேர்த்துக்கொள்வார்கள் என்று நினைக்க வேண்டாம். அப்படிப்பட்ட கூடு பெரும்பாலும் சிறகை நம்பிக் கட்டிய, மிகக் குறுகலான கூடாகவே இருக்கும்.

கூடவே பாயின் எண்ணையும் படகின் உட்புறத்தில் பொறித்த எண்ணையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருப்பது குற்றமில்லை, பாய் கைமாறியிருக்கலாம். ஆனால் படகின் வயதையும் பிரிவையும் முடிவுசெய்யக் கூட்டின் எண்தான் உதவும்.

தராசில் ஏற்றாமல் வேலையைத் தொடங்குவது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. மற்றவை பாதி இதிலிருந்தே முளைக்கின்றன. 34 கிலோ என்பது குறைந்தபட்ச எடை. புதுப்பிக்கிறவர்கள் அதற்குக் கீழே போய்விடுவோமோ என்று பயப்படத் தேவையே இல்லை, மேலே போகாமல் இருப்பதுதான் பாடு.

ஐம்பது வருடப் பிளைவுட் நீரைக் குடித்து வைத்திருக்கும். வாங்கிவந்த அன்று எடை போடுங்கள். மூடிகள், ஆய்வுத் துளைகள் எல்லாவற்றையும் திறந்து, கூரைக்கு அடியில் காற்றோட்டமாகத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். வாரம் ஒரு முறை எடை போட்டு எழுதி வையுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து எடை மாறாமல் நின்றால்தான் மரம் காய்ந்திருக்கிறது. அதற்கு முன் எபாக்சி (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் ரெசின்) பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு, அடுத்த கோடையில் பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பும். வெயிலில் நேரடியாகக் காய வைப்பதும் கூடாது. மெல்லிய பலகை சீரில்லாமல் சுருங்கி, மூலைக் கட்டைகளை ஒட்டிய இடங்களில் விரிசல் விடும்.

அடுத்து, கணக்கு. 11 அடிப் படகில் அடிப்பலகை, பக்கங்கள், மேல்தளம் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 8 சதுர மீட்டர் பரப்பு வரும். ஒகூமே மரப் பிளைவுட் 3 மில்லிமீட்டர் தடிமனில் சதுர மீட்டருக்கு 1.5 கிலோ, 4 மில்லிமீட்டரில் 2 கிலோ. ‘உறுதியாக இருக்கட்டுமே’ என்று எங்கும் 4 மில்லிமீட்டர் போட்டால் 4 கிலோ கூடும். 200 கிராம் கண்ணாடி இழைத்துணியை ரெசினோடு ஒட்டினால் சதுர மீட்டருக்கு 400 கிராமுக்குக் குறையாது. அதை உள்ளும் புறமும் முழுக்க ஒட்டுகிறவர்கள் 6 கிலோவுக்கு மேல் ஏற்றிவிடுகிறார்கள், கூட்டின் எடையில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. துணி வேண்டிய இடங்கள் சில மட்டுமே: அடிப்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலை, அடி நடுக்கோடு, கரையில் இழுபடும் அமரத்தின் (படகின் பின்முனையின்) அடிப்பகுதி. அங்கே 5 சென்டிமீட்டர் அகல நாடா போதும்.

எடை எங்கே ஏறுகிறது என்பதும் முக்கியம். அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், ஏறும் ஒரு கிலோ, நடுவில் ஏறும் ஒரு கிலோவைவிட மோசமானது. அலையில் படகு முன்னும் பின்னும் ஆடும் ஆட்டம் அடங்காது. அணியத்தில் கனமான பித்தளை வளையம் வைப்பதும், நிரப்பு மாவை அள்ளிப் பூசி மட்டம் செய்வதும் அதனால்தான் வேண்டாம்.

தவறான பசை, தவறான மாவு

பாலியெஸ்டர் ரெசின் மலிவு, கடையில் எளிதாகக் கிடைக்கும். மரத்தில் அது பிடிக்காது. ஓரிரு பருவத்தில் துணி முழுத் தாளாக உரிந்து வரும். உரியும்போது பிளைவுட்டின் மேல் அடுக்கையும் கிழித்துக்கொண்டு வரும். மரத்துக்கு எபாக்சிதான்.

எபாக்சியிலும் வழுக்குமிடங்கள் உண்டு. அளவு விகிதம் எடைப்படியா கொள்ளளவுப்படியா என்று டப்பாவில் பார்க்காமல் கலப்பது ஒன்று. ஆழமான குவளையில் அரை லிட்டர் கலந்து, அது சூடேறிப் புகைந்து கெட்டிப்படுவது இன்னொன்று. அகலமான தட்டில் 100 கிராம் வீதம் கலந்தால் இந்தத் தொல்லையே வராது. காய்ந்த மேற்பரப்பில் மெழுகு போன்ற ஒரு படலம் படியும். அதைச் சுத்தமான நீரும் தேய்ப்பானும் கொண்டு கழுவிய பிறகே உப்புத்தாள் போட வேண்டும். கழுவாமல் தேய்த்தால் படலம் கீறல்களுக்குள் புதைந்து, பெயின்ட் ஒட்டாது.

நிரப்பு மாவில் இரண்டு வகை. இலேசான நுண்குமிழ் மாவு பள்ளத்தை மட்டம் செய்ய மட்டும். ஒட்டும் வேலைக்கு சிலிக்கா மாவோ மரத்தூளோ கலக்க வேண்டும். நுண்குமிழ் மாவில் ஒட்டிய டேகர்போர்டு பெட்டி (படகு பக்கவாட்டில் நழுவாமல் நீருக்குள் இறக்கும் பலகை நிற்கும் பெட்டி) முதல் பலத்த காற்றிலேயே விட்டுவிடும்.

ஓட்டையைச் சிலிகான் பிதுக்கி அடைப்பதைப் போல வேலையைக் கெடுப்பது வேறில்லை. ஒழுக்கு நிற்காது, மாறாக அந்த இடத்தில் இனி எதுவும் ஒட்டாது. சிலிகான் தடவிய பலகையை உரித்து எடுப்பதைவிட வெட்டி எறிந்து புதுப்பலகை வைப்பதே மிச்சம். புதுப்பலகை ஒட்டும்போது முனைகளைத் தடிமனைப்போல் எட்டு மடங்குக்குச் சீவிச் சேருங்கள். 4 மில்லிமீட்டருக்கு 32 மில்லிமீட்டர் சரிவு. முனையோடு முனை ஒட்டி, பின்னால் பட்டை கொடுத்தால் வளைவில் அந்த இடம் மட்டும் விறைத்துத் துருத்தி நிற்கும்.

காற்றறைகளைப் பரிசோதிக்காமல் நீரில் இறக்குவது

படகு கவிழ்ந்தால் 100 லிட்டர் காற்று ஏறத்தாழ 100 கிலோவைத் தாங்கும். இதே கணக்கை மறுபக்கம் பாருங்கள்: 100 லிட்டர் காற்றுப் பை நீரில் முழுக மூழ்கினால் 100 கிலோ விசையோடு மேலே இழுக்கும். இரண்டு சிறு திருகாணியில் கட்டிய பட்டை அதைத் தாங்காது.

மூடிய அறையாக இருந்தால், ஆய்வுத் துளை வழியே ஒரு குழாய் செருகி வாயால் ஊதி, மூட்டுகளில் சோப்பு நீர் தடவிப் பாருங்கள். குமிழி வரும் இடத்தில் பென்சிலால் குறியிடுங்கள். காற்றடிக்கும் பம்ப்பையோ வேக்குவம் கிளீனரின் ஊதும் முனையையோ வைக்கிறவர்கள் உண்டு. 3 மில்லிமீட்டர் மேல்தளம் அதற்குத் தாங்காது, மூட்டே பிளந்துவிடும்.

அறைக்குள் பாலியூரித்தேன் நுரையை ஊற்றி நிரப்புவது பாதுகாப்பு போலத் தோன்றும். நுரைக்கும் பலகைக்கும் இடையே தேங்கும் நீர் வெளியேற வழியில்லை. எடை கூடும், அடிப்பலகை உள்ளிருந்தே மக்கும், வெளியே தெரியும்போது வெட்டி எடுப்பதைத் தவிர வேறு வேலை இருக்காது.

பாய்மரத்தை மட்டும் புதிதாக்குவது

பழைய மாத்களில் பல, இரு பக்கமும் முன்னாலும் கம்பிவடம் இழுத்துக்கட்டிய மரப் பாய்மரம் கொண்டவை. யூரோப் வகையின் பழைய அலுமினியப் பாய்மரம் மலிவாகக் கிடைக்கிறது, வடம் தேவையில்லை, வளைந்து கொடுக்கும். ஆகவே அதை அப்படியே நட்டுவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பாய்மரம் வேலை செய்யும். படகு தாங்குமா என்பதுதான் கேள்வி.

75 கிலோ எடையுள்ளவர் நடுக்கோட்டிலிருந்து 1.1 மீட்டர் வெளியே சாய்ந்து உட்கார்ந்தால் சமன்செய்யும் திருப்புவிசை 80 கிலோ-மீட்டரைத் தாண்டும். வடம் இருந்தால் அதில் பெரும்பகுதியை அது பக்கத்துக்குக் கொண்டுபோகும். வடம் இல்லையென்றால் முழுவதும் பாய்மரம் நுழையும் மேல்தளத்து வளையத்துக்கும் அதன் கால் நிற்கும் அடிக்குழிக்கும் இடையே வந்து சேரும். அந்த இடைவெளி 35 சென்டிமீட்டர் என்றால் இரண்டிலும் எதிரெதிராகப் பக்கவாட்டில் 200 கிலோவுக்கு மேல் தள்ளும். 3 மில்லிமீட்டர் தளமும் இரண்டு திருகாணியில் நிற்கும் அடிக்கட்டையும் அதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. வளையத்தைச் சுற்றி, பக்கம் முதல் பக்கம் வரை குறுக்குக் கட்டை வைத்து, அதன்மேல் பிளைவுட் தட்டு ஒட்ட வேண்டும். அடிக்குழியை நடுக்கட்டையோடும் அருகிலுள்ள குறுக்குச் சட்டத்தோடும் பிணைக்க வேண்டும். இதற்கு ஒன்றரை கிலோ ஆகும். அந்த ஒன்றரை கிலோவைச் செலவழிக்கலாம்.

பாயும் பாய்மரமும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். வளையும் மரத்துக்காகத் தைத்த பாயை விறைத்த மரத்தில் ஏற்றினால், முன் ஓரம் பை போல உப்பி நிற்கும். காற்றை எதிர்த்து ஏறும்போது கோணம் கிடைக்காது. விறைத்த மரத்துக்கான பாயை வளையும் மரத்தில் ஏற்றினால், பின்மூலையிலிருந்து மரத்தின் நடுவுக்குச் சாய்வாகச் சுருக்கங்கள் ஓடும். தைப்பவரிடம் அளவு கொடுப்பதற்கு முன், பாய்மரத்தைக் கிடைமட்டமாக இரு முனையும் தாங்கும்படி வைத்து, நடுவில் 10 கிலோ தொங்கவிட்டு, எவ்வளவு தொய்கிறது என்று குறித்துக்கொடுங்கள். பாய் வாங்கும் பணத்தில் பாதியாவது அந்த ஒரு எண்ணால் மிச்சமாகும்.

கரையில் நடக்கும் சேதம்

பந்தயத்தில் உடைவதைவிட வண்டியில் உடைவது அதிகம். ராட்செட் பட்டையால் முறுக்கி இறுக்கினால் மேல்தளம் நெளிந்து, அடியில் உள்ள குறுக்குச் சட்டத்திலிருந்து விட்டுவிடும். கையால் இழுத்து இறுக்கும் கொக்கிப் பட்டை போதும், அடியில் நுரைத் துண்டு வையுங்கள். பட்டை எங்கே விழுகிறதோ அதற்கு நேர் கீழே சட்டம் இருக்க வேண்டும்.

நீலத் தார்ப்பாயைப் படகின்மேல் ஒட்டிப் போர்த்தினால் உள்ளே வியர்த்து மரம் கெடும். காற்று புகும் துணி உறை போடுங்கள், மூடிகளைத் திறந்தே வையுங்கள்.

ஓட்டும்போது

புதிதாக ஏறுகிறவர்கள் பயத்தில் பின்னால் போய் உட்காருவார்கள். அமரம் நீரில் அமிழ்ந்து பின்னால் கொப்பளித்து இழுக்கும். இலேசான காற்றில் டேகர்போர்டு பெட்டிக்கு நெருங்கி, நீர் அமரத்தை விட்டுச் சத்தமில்லாமல் பிரியும் வரை முன்னே நகருங்கள்.

காற்றோடு ஓடும்போது வேறு ஆபத்து. பாயை முழுக்க வெளியே விட்டு, பூமை (பாயின் கீழ் ஓரத்தைத் தாங்கும் கட்டையை) கீழே இழுக்கும் வேங் கயிற்றைத் தளர்த்தி வைத்திருந்தால், பாயின் மேல்பகுதி அணியத்தைத் தாண்டி முறுக்கிக்கொள்ளும். படகு காற்று வரும் பக்கமாகவே கவிழும். வேங்கை இழுங்கள், பாயை ஒரு முழம் உள்ளே எடுங்கள், டேகர்போர்டை முழுக்கத் தூக்காமல் பாதியில் நிறுத்துங்கள்.

கூட்டத்தைத் திரட்டுகிறவர்களுக்கு

படகு சரியானாலும் வகை மீளாமல் போவது பெரும்பாலும் விதியால்தான். யாரோ ஒருவர் கார்பன் கூடு கட்ட அனுமதி கேட்பார், வேறொருவர் பாயைச் சற்றே பெரிதாக்கச் சொல்வார். நியாயமாகத்தான் தோன்றும். 1970-களில் நடந்ததும் இதுவே. கிளாசிக் மாத்தில் பழைய வடிவங்களையும் வேகமான பின்னாள் வடிவங்களையும் தனித்தனிப் பிரிவாகப் பிரித்து, ஒரே கோட்டிலிருந்து ஒன்றாகக் கிளப்பித் தனித்தனிப் பரிசு கொடுக்கிறார்கள். அதுவே ஆரோக்கியம். ஆனால் ஆறு படகு வரும் இடத்தில் நான்கு பிரிவு வைத்தால் எல்லோரும் முதல் பரிசோடு வீடு திரும்புவார்கள், யாருக்கும் பந்தயம் கிடைக்காது.

அளவெடுப்பிலும் நிதானம் வேண்டும். முதல் வருடம் எடையும் பாய்ப் பரப்பும் பார்த்தால் போதும். கால் அங்குலக் கணக்கில் ஒரு பழைய படகைத் திருப்பியனுப்பினால் அது மறுபடி வராது. பாதுகாப்பில் மட்டும் சலுகை வேண்டாம்: காற்றறைச் சோதனையும் உயிர்காப்புச் சட்டையும் முதல் நாளிலிருந்தே கட்டாயம்.

நல்ல நிலையில் உள்ள ஒரு படகையாவது இரவலுக்கென்று ஒதுக்கிவையுங்கள். பார்க்க வருகிறவர் அன்றைக்கே ஒரு பந்தயம் ஓட்டிவிட்டால், கொட்டகையில் கிடக்கும் அடுத்த படகைத் தேடி அவரே கிளம்பிவிடுவார்.