நாலங்குல ராக்கெட்டா? முதலில் பாராசூட்டைக் கணக்குப் போடுங்கள்

அமெரிக்க ராக்கெட் சங்கங்களில் (நேஷனல் ராக்கெட்ரி அசோசியேஷன், ட்ரிப்போலி) இரண்டாம் நிலைச் சான்றிதழ் என்றால் ஜே, கே, எல் என்னும் சக்தி வகை மோட்டார்கள். அதற்கு ஏற்றது 4 அங்குல ஃபைபர் கிளாஸ் குழாய், 54 மி.மீ. மோட்டார், சுமார் 5 கிலோ எடை. மோட்டாரை இப்போதே வாங்கிவிடாதீர்கள். தொழிற்சாலையில் செய்தது மட்டும்தான், அதுவும் கடைசியில்.

5 கிலோ வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் தரை தொட, தட்டையான பாராசூட்டுக்குச் சுமார் 1.9 மீட்டர் விட்டம் வேண்டும். உச்சியிலேயே அதை விரித்தால் காற்று பல கிலோமீட்டர் இழுத்துப்போகும். எனவே உச்சியில் அரை மீட்டர் சிறு பாராசூட், 200 மீட்டர் உயரத்தில் பெரியது. சிறியது விரியும்போது விழும் திடீர் இழுப்பில் மூக்குக் கூம்பும் கழன்று பெரியது வெளியே வந்துவிடுவது வாடிக்கை. கூம்பை 2-56 அளவுச் சிறு நைலான் திருகு மூன்று போட்டுப் பிடியுங்கள்; பெரியதை வெளியேற்றும்போது அவை அறுந்துவிடும். எந்தப் பாராசூட்டையும் தரையில் வெளியேற்றிப் பார்க்காமல் பறக்கவிடாதீர்கள்.

பாராசூட்டுகளை வெளியேற்றச் சொல்லும் உயரமானி காற்றழுத்தத்தைப் பார்த்துத்தான் உச்சியை அறியும். 4 அங்குல விட்டம், 8 அங்குல நீளமுள்ள அதன் பெட்டிக்கு 1/8 அங்குலத் துளை நான்கு, சம இடைவெளியில். ஒற்றைத் துளை வேண்டாம். பக்கக் காற்றடித்தால் அளவு தப்பும். பாராசூட் அறைகளிலும் சிறு துளை போடாவிட்டால், மேலே போகப் போக உள்ளே அடைபட்ட காற்றே குழாயைப் பிரித்துவிடும்.

துடுப்புகள் குழாயின் வெளித்தோலில் மட்டும் ஒட்டினால் போதாது. பிளவு வழியே உள்ளே சென்று மோட்டார் குழாயைத் தொட வேண்டும். ஒட்டும் இடத்தை 80 எண் உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்த பிறகே எப்பாக்சி. ஃபைபர் தூசி நுரையீரலுக்கு ஆகாது, முகக்கவசம் கட்டாயம்.

முழுதாகச் சேர்த்தபின் ஓப்பன்ராக்கெட் மென்பொருளில் நிஜ எடையைக் கொடுங்கள். மோட்டாரோடு எடைமையம் அழுத்தமையத்துக்கு (காற்றின் விசை மொத்தமாகச் செயல்படும் புள்ளி) முன்னால் ஒன்று முதல் இரண்டு குழாய் விட்டம் தள்ளி இருக்கட்டும். குறைந்தால் மூக்கில் எடை சேருங்கள்.

இனி மோட்டார். எடையைப்போல் 5 மடங்கு உந்துவிசை, அதாவது 250 நியூட்டன். ஏவும் தண்டவாளத்தை விட்டு நீங்கும்போது வினாடிக்கு 15 மீட்டர் வேகம் வேண்டும். அதற்கு 3 மீட்டர் ஓட்டம் தேவை. பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: ராக்கெட்டைத் தண்டவாளத்தில் பிடித்திருக்கும் பொத்தான்களில் மேல் பொத்தான் கழன்றதுமே ராக்கெட் சாயத் தொடங்கிவிடும். அந்தப் பொத்தான் அடியிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் இருந்தால் தண்டவாளம் 3.6 மீட்டராவது இருக்க வேண்டும்.

ஏவும் களத்துக்கு விமானப் போக்குவரத்துத் துறையின் வான்வெளி அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். காற்று மணிக்கு 32 கி.மீ. தாண்டினால் ஏவக் கூடாது. உயரமானியை ராக்கெட் தண்டவாளத்தில் செங்குத்தாக நின்ற பிறகே இயக்குங்கள்; மோட்டாருக்குள் பற்றவைப்பியைச் செருகுவது அதற்கும் பிறகு.