எடை குறைந்த நாடா ரம்ப அறுவை இயந்திரம்: எங்கே இரும்பைக் குறைக்கலாம், எங்கே குறைக்கக் கூடாது

500 மி.மீ. விட்டமும் 3 மீட்டர் நீளமும் உள்ள ஒரு பச்சை மரத்தடி, கன மீட்டருக்கு 1000 கிலோ என்று கணக்கிட்டால், ஏறத்தாழ 590 கிலோ எடை இருக்கும். அதை அறுவை ஆலைக்குத் தூக்கிச் செல்வதைவிட, இருவர் தூக்கக்கூடிய பாகங்களாகப் பிரித்து இயந்திரத்தை மரம் கிடக்கும் இடத்துக்குக் கொண்டுபோவது எளிது. இப்படி ஓர் இயந்திரத்தை வடிவமைக்க விரும்பும் புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது, எடையை எல்லா இடத்திலும் ஒரே சீராகக் குறைக்கக் கூடாது என்பதே. விசை எந்த வழியாகப் போகிறதோ அந்த வழியில் இரும்பு நிற்க வேண்டும். மற்ற இடங்களில் தாராளமாகக் குறைக்கலாம்.

முதற்படி: நாடாவையும் சக்கரத்தையும் சேர்த்தே தேர்ந்தெடுங்கள்

இந்த வகை இயந்திரங்களில், இரு சக்கரங்களின் மேல் வளையமாக, பெரும்பாலும் 32 மி.மீ. அகலமும் 1.07 மி.மீ. தடிமனும் உள்ள ரம்ப நாடாவே ஓடுகிறது. பற்களின் விரிப்பையும் (பற்கள் இடமும் வலமும் சாய்ந்திருப்பதை) சேர்த்தால் அது மரத்தில் தின்னும் தடம் 2 மி.மீ.க்குச் சற்றே கூடுதலாக இருக்கும். சங்கிலி ரம்பமோ 8 மி.மீ. வரை தின்றுவிடும். 11 அறுப்புகள் போட்டால் அந்த வேறுபாடு மட்டும் 60 மி.மீ.யைத் தாண்டும், அதாவது 25 மி.மீ. பலகைகள் இரண்டு கூடுதலாகக் கிடைக்கும்.

எடையைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது சக்கரத்தில்தான். அங்கேதான் கைவைக்கக் கூடாது. நாடா சக்கரத்தின் மேல் வளையும்போது அதில் எழும் வளைவுத் தகைவை (ஒரு சதுர மி.மீ. பரப்பில் விழும் விசையை), எஃகின் மீள்மைக் குணகத்தை (அதன் விறைப்பைக் குறிக்கும் எண்ணை) நாடாவின் தடிமனால் பெருக்கிச் சக்கர விட்டத்தால் வகுத்துப் பெறலாம். 480 மி.மீ. சக்கரத்தில் அது ஏறத்தாழ 457 மெகாபாஸ்கல் (சதுர மி.மீ.க்கு 457 நியூட்டன்), 350 மி.மீ. சக்கரத்தில் 627 ஆகிவிடும். 4 மீட்டர் நாடா நொடிக்கு 24 மீட்டர் வேகத்தில் ஓடினால், அதன் ஒவ்வொரு புள்ளியும் நொடிக்கு 12 முறை வளைந்து நிமிர்கிறது. இந்த ஓயாத வளைவுதான் நாடாவைக் கொல்கிறது. ஓடிக் களைத்த நாடாவை வெளிச்சத்தில் பிடித்து, இரு பற்களுக்கு இடைப்பட்ட பள்ளத்தின் அடியைப் பாருங்கள். மயிரிழை போன்ற விரிசல் அங்கேதான் முதலில் தோன்றும். சிறிய சக்கரம்தான் வேண்டும் என்றால் மெல்லிய நாடாவையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டாம் படி: தலைச் சட்டத்தை உறுதியாகச் செய்யுங்கள்

சக்கரங்களையும் நாடாவையும் தாங்கும் பகுதியே தலை. நாடாவை ஏறத்தாழ 100 மெகாபாஸ்கல் அளவுக்கு இழுத்துக் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பற்களின் ஆழத்தைக் கழித்தால் நாடாவின் குறுக்குப் பரப்பு சுமார் 28 சதுர மி.மீ. ஆகும். மேலே ஓர் ஓட்டம், கீழே ஓர் ஓட்டம் என இரண்டு இருப்பதால், இரு சக்கரங்களையும் பிரிக்கும் சட்டத்தின் மேல் சுமார் 5600 நியூட்டன், அதாவது 570 கிலோ எடைக்கு ஈடான அழுத்தம் இடைவிடாமல் இருக்கும். சட்டம் சற்றே வளைந்தாலும் சக்கரங்கள் ஒரே தளத்திலிருந்து விலகி நாடா கழன்றுவிடும். மெல்லிய பட்டை இரும்பு இங்கே உதவாது. முறுக்கத்தைத் தாங்கும் சதுரக் குழாயே ஏற்றது. சக்கரங்களின் முகங்களுக்குக் குறுக்கே நூல் பிடித்து, இரண்டும் ஒரே தளத்தில் நிற்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

மூன்றாம் படி: வேகத்தைக் கணக்கிடுங்கள்

480 மி.மீ. சக்கரத்தின் சுற்றளவு சுமார் 1.51 மீட்டர். நொடிக்கு 24 மீட்டர் வேகம் பெற அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 955 முறை சுற்ற வேண்டும். எஞ்சின் 3600 முறை சுற்றுவதாக இருந்தால், புல்லிகளின் விட்ட விகிதம் 3.8க்கு அருகில் அமையும். எஞ்சின் வேகம் தணியும்போது நாடா தானாக நின்றுவிடும் மையவிலக்கு கிளட்ச்சைச் சேர்ப்பது பாதுகாப்புக்கு அவசியம். அதன் எடையை நான் ஒருபோதும் மிச்சம் பிடிக்க மாட்டேன்.

நான்காம் படி: வழிகாட்டி உருளைகள்

பலகை அலை அலையாக வருகிறது என்று வருந்துபவர்கள் பெரும்பாலும் இங்கே பிழை செய்திருப்பார்கள். உருளைகள் நாடாவைச் சுமார் 6 மி.மீ. கீழே அழுத்த வேண்டும். உருளையின் விளிம்புக்கும் நாடாவின் முதுகுக்கும் இடையே, வெறுமனே ஓடும்போது, 3 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். இரு உருளைகளுக்கு இடைப்பட்ட தூரம் கூடக் கூட நாடாவின் விறைப்பு வேகமாகக் குறைவதால், ஓர் உருளையையாவது தடியின் அகலத்துக்கேற்ப நகர்த்தும்படி அமையுங்கள். பிசின் ஒட்டாமலிருக்க, சிறிது சோப்பு கலந்த நீர் நாடாவில் சொட்டினால் போதும்.

ஐந்தாம் படி: ஏற்றி இறக்கும் அமைப்பு

ஒரே தூணில் தொங்கும் தலை எடை குறைவானதுதான், ஆனால் அதன் மறுமுனை தாழும். இரு பக்கமும் கால் ஊன்றிய அமைப்பையே நான் பரிந்துரைக்கிறேன். இரு திருகுதண்டுகளையும் ஒரே சங்கிலியால் இணைத்தால் இரு பக்கமும் ஒன்றாக இறங்கும். 25 மி.மீ. பலகை வேண்டுமென்றால் தலையை 27 மி.மீ. இறக்க வேண்டும், ரம்பம் தின்னும் 2 மி.மீ.யைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

ஆறாம் படி: தண்டவாளமும் படுகையும்

தலை உருண்டு செல்வது தண்டவாளத்தில், தடி கிடப்பது படுகையில். இங்கேதான் எடையைத் துணிந்து குறைக்கலாம். தடியின் எடையைக் குறுக்குச் சட்டங்கள் வாங்கி, கீழே வைத்த கட்டைகள் வழியாக நேரே தரைக்குக் கடத்தினால், எல் வடிவ இரும்பாலான தண்டவாளம் தலையின் எடையை மட்டும் தாங்கினால் போதும். அதை இரண்டு மூன்று துண்டுகளாகச் செய்து போல்ட்டால் இணைக்கலாம். தரையில் விரித்தபின் ரசமட்டம் வைத்து, தாழ்ந்த இடங்களில் ஆப்பு செருகுங்கள். தண்டவாளத்தின் ஒவ்வொரு தொய்வும் பலகையில் அப்படியே பதியும். தடியை இறுக்கும் பிடிகளும் பக்கத் தடுப்புகளும் அறுப்பு இறங்க இறங்கத் தாழ்த்தக்கூடியவையாக இருக்க வேண்டும்; இல்லையேல் நாடா இரும்பில் மோதும்.

ஏழாம் படி: முதல் ஓட்டம்

சக்கரங்களுக்கு முழு மூடி போடாமல் எஞ்சினை இயக்க வேண்டாம். நாடா அறுந்தால் அது எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. முதல் தடியில், படுகையின் மேல் எஞ்சும் கடைசிப் பலகையை இரு முனைகளிலும் நடுவிலும், இரு ஓரங்களிலும் அளந்து பாருங்கள். ஓர் ஓரம் முழு நீளத்துக்கும் தடித்திருந்தால் உருளைகள் படுகைக்கு இணையாக இல்லை. நடுவில் மட்டும் வேறுபட்டால் தண்டவாளம் தொய்ந்திருக்கிறது. முடிச்சு உள்ள இடத்தில் மட்டும் மேடு வந்தால் நாடா மழுங்கியிருக்கிறது அல்லது இழுவிசை போதவில்லை. வேலை முடிந்ததும் நாடாவின் இழுவிசையைத் தளர்த்தி வையுங்கள். இறுக்கியபடியே விட்டால் வளைந்து நிற்கும் பகுதிகள் ஓடாமலேயே பழுதாகும்.