எம்340ஐ வாங்குமுன் பின் சீட்டில் உட்காருங்கள்

பிஎம்டபிள்யூ எம்340ஐ (M340i) செங்கல்பட்டு பக்கம் அசெம்பிள் ஆகிற கார், 3 லிட்டர் ஆறு சிலிண்டர் டர்போ இன்ஜின், 500 நியூட்டன்மீட்டர் டார்க் (இழுவைத் திறன்), நாலரை வினாடிக்குள் நூறைத் தொட்டுவிடும். அதனால் வேகத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். பார்க்க வேண்டியது வேறு.

டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். வீட்டில் இருக்கிற எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, குழந்தை சீட்டையும் கையோடு கொண்டுபோய் ஐசோஃபிக்ஸில் (குழந்தை சீட்டைப் பூட்ட கார் சீட்டிலேயே இருக்கிற கொக்கி) மாட்டிப் பாருங்கள், அது பின்னால் பார்த்தபடி இருந்தால் முன் சீட்டை எவ்வளவு தள்ள வேண்டியிருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். நடு சீட்டில் காலுக்கு நடுவே பெரிய மேடு, பெரியவர்களுக்கு அது சரிப்படாது. தாத்தா பாட்டி ஏறி இறங்கவும் சீட் தாழ்வுதான். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி எவ்வளவு இடம் எடுக்கிறது என்று பாருங்கள், ஸ்ட்ரோலரை வைத்தே பாருங்கள்.

அப்புறம் உங்கள் தெரு வேகத்தடையில் கம்ஃபர்ட் மோடில் (மென்மையாக ஓடுவதற்கான செட்டிங்) மெதுவாக ஏற்றுங்கள், முழு லோடோடு, அடி தட்டுகிறதா என்று தெரியும்.

பழைய வண்டி என்றால் சர்வீஸ் ஹிஸ்டரி இல்லாமல் தொடவே வேண்டாம். டியூன் செய்த, அதாவது இன்ஜின் சக்தியைக் கூட்ட மாற்றிய வண்டியை நான் வாங்க மாட்டேன். நாலு டயர் விலையையும் இன்சூரன்ஸ் பிரீமியத்தையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.