ஓர் ஆளுக்குப் பல வேலை: லிப்ரெஆபிஸ் பேஸ் ஃபார்மில் பல விடைகளைப் பதிவது எப்படி?

என் மாமா கல்யாணச் சமையல் ஒப்பந்தம் எடுப்பவர். அவரிடம் வேலைக்கு வருகிறவர்கள் 60 பேருக்கு மேல். ஒருவருக்குச் சாம்பாரும் வரும், ஜிலேபி சுற்றவும் வரும். இன்னொருவர் பரோட்டா போடுவார், பந்தியும் பரிமாறுவார். யாருக்கு என்னென்ன தெரியும் என்பதை லிப்ரெஆபிஸின் தரவுத்தள மென்பொருளான பேஸில் ஏற்றிக் கொடுத்தேன். 'வேலை' என்று ஒரே கட்டம் (ஃபீல்டு). அதில் காற்புள்ளி போட்டு எல்லாவற்றையும் தட்டிவிட்டேன்.

முகூர்த்தத்துக்கு முந்தின இரவு போன் வந்தது. "மாப்ளே, பரோட்டாவுக்கு ஆள் குறையுது, இன்னும் யார் இருக்கான்னு பாரு." தேடினால் 3 பேர்தான் வந்தார்கள். உண்மையில் 7 பேர் இருந்தார்கள். மற்ற 4 பேருக்கும் 'புரோட்டா' என்று தட்டியிருந்தேன்.

தட்டச்சு செய்யவே விடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வைத்தால் இந்தச் சிக்கல் வராது. விவரம் பதியும் திரையான ஃபார்மில் வைக்கும் தேர்வுப் பட்டியலுக்கு லிஸ்ட் பாக்ஸ் என்று பெயர். அதில் 'மல்டிசெலக்‌ஷன்' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் டேபிளின் ஒரு கட்டத்தில் ஒரு மதிப்புதான் உட்காரும். திரையில் 4 விடைகளைத் தேர்ந்தாலும் அவை அந்தக் கட்டத்தில் சேமிப்பாகாது. ஆகவே அந்த வழி வேண்டாம். வேலைக்கு ஒன்றாக டிக் கட்டம் வைப்பதும் வேண்டாம். புதிதாக ஒரு வேலை சேரும்போதெல்லாம் டேபிளையும் ஃபார்மையும் மாற்ற வேண்டிவரும்.

சரியான வழி 3 டேபிள்.

முதலாவது 'ஆட்கள்': எண், பெயர், போன். இரண்டாவது 'வேலைகள்': எண், வேலைப்பெயர். இரண்டிலும் எண்ணை ப்ரைமரி கீ (ஒவ்வொரு வரியையும் தனித்துக் காட்டும் அடையாளம்) ஆக்கி, எண்ணைத் தானாகவே போடும் ஆட்டோவேல்யூவை 'யெஸ்' என்று வையுங்கள். பேஸோடு வரும் எச்எஸ்க்யூஎல்டிபி என்ற தரவுத்தள இயந்திரத்தில் எண்ணிக்கை 0-விலிருந்து தொடங்கும். அது பிழையல்ல, அப்படியே விட்டுவிடுங்கள்.

மூன்றாவது 'ஆள்வேலை'. இதில் ஆள்எண், வேலைஎண் என்று இரண்டே கட்டங்கள். இரண்டும் இன்டீஜர் (முழு எண்), இங்கே ஆட்டோவேல்யூ கூடாது. இரண்டு வரிகளையும் கன்ட்ரோலை அழுத்தியபடி சேர்த்துத் தேர்ந்து, ரைட் கிளிக் செய்து ப்ரைமரி கீ கொடுங்கள். இரண்டும் சேர்ந்து கீ ஆவதால் ஒரே ஆளுக்கு ஒரே வேலையை இரண்டு முறை பதிய முடியாது. ஒருவருக்கு 5 வேலை தெரிந்தால் இந்த டேபிளில் 5 வரிகள் இருக்கும்.

அப்புறம் டூல்ஸ் மெனுவில் ரிலேஷன்ஷிப்ஸ் போய், ஆட்களின் எண்ணை ஆள்எண்ணோடும், வேலைகளின் எண்ணை வேலைஎண்ணோடும் கோடு இழுத்து இணையுங்கள். ஆட்கள் பக்கத்துக் கோட்டை இரட்டைக் கிளிக் செய்து 'டெலீட் கேஸ்கேட்' வையுங்கள். ஆளை நீக்கினால் அவருடைய வரிகளும் போய்விடும். வேலைகள் பக்கம் 'நோ ஆக்‌ஷன்' இருப்பதே நல்லது. இல்லாவிட்டால் கைதவறி ஒரு வேலையை அழிக்கும்போது அதோடு பல பேரின் விவரமும் போகும்.

அடுத்து ஒரு குவெரி, அதாவது டேபிளிலிருந்து வேண்டியதை மட்டும் எடுத்துத் தரும் கேள்வி. டிசைன் வியூவில் 'வேலைகள்' டேபிளைச் சேர்த்து, முதலில் வேலைப்பெயர், இரண்டாவதாக எண். வேலைப்பெயருக்கு 'அசென்டிங்' (ஏறுவரிசை) கொடுத்து, 'வேலைப்பட்டியல்' என்று சேமியுங்கள். இந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள், காரணம் கீழே வருகிறது.

ஃபார்ம் விஸார்டைத் திறந்து ஆட்கள் டேபிளைத் தேருங்கள். சப்ஃபார்ம் (ஃபார்முக்குள் இருக்கும் சிறு ஃபார்ம்) கேட்கும் இடத்தில், ஏற்கெனவே போட்ட உறவின்படி ஆள்வேலை டேபிளைச் சேர்த்து, வேலைஎண்ணை மட்டும் எடுங்கள். ஆள்எண்ணை பேஸ் தானாகவே நிரப்பும். சப்ஃபார்மின் அமைப்பு 'டேட்டா ஷீட்'. கடைசிப் பக்கத்தில் 'மாடிஃபை த ஃபார்ம்' கொடுத்து முடியுங்கள்.

இனி வருவதுதான் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தின்ற இடம். சப்ஃபார்மில் வேலைஎண் தலைப்பின் மேல் ரைட் கிளிக், 'ரிப்ளேஸ் வித்', லிஸ்ட் பாக்ஸ். மறுபடியும் ரைட் கிளிக் செய்து 'காலம்' (Column) என்பதைத் திறந்து, டேட்டா தாவலில் மூன்றை நிரப்ப வேண்டும். பட்டியல் வகை: குவெரி. பட்டியல் உள்ளடக்கம்: வேலைப்பட்டியல். பவுண்ட் ஃபீல்டு: 1.

குவெரியில் எந்தக் கட்டம் முதலில் நிற்கிறதோ, அதைத்தான் லிஸ்ட் பாக்ஸ் திரையில் காட்டும். எந்தக் கட்டத்தை டேபிளில் சேமிப்பது என்பதை பவுண்ட் ஃபீல்டு சொல்லும். அந்த எண்ணிக்கை 0-விலிருந்து தொடங்குவதால், 1 என்றால் இரண்டாவது கட்டம். நான் எண்ணை முதலிலும் பெயரைப் பின்னாலும் வைத்திருந்தேன். பட்டியலைத் திறந்தால் வேலைப்பெயர்களுக்குப் பதில் 0, 1, 2, 3 என்று எண்கள் நின்றன. தேர்ந்தாலும் பதியவில்லை, எண் போக வேண்டிய இடத்துக்குப் பெயர் போனால் எப்படிப் பதியும்? குவெரியில் இரண்டையும் இடம் மாற்றியதும் சரியாகிவிட்டது.

ஃபார்மைப் பயன்படுத்தும்போது, புது ஆளின் பெயரைத் தட்டியதும் ஒருமுறை அந்த வரியை (ரெக்கார்டை) சேமித்துவிட்டு சப்ஃபார்முக்குப் போங்கள். ஃபார்மை மூடியபின் பேஸின் முதன்மைச் சாளரத்திலும் சேவ் கொடுக்கும் பழக்கம் வேண்டும்.

மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான ஆக்ஸஸ் வைத்திருப்பவர்கள், "அதில் 2007 பதிப்பிலிருந்தே ஒரு கட்டத்தில் பல மதிப்பு வைக்கலாமே" என்பார்கள். உண்மைதான். ஆனால் அங்கேயும் திரைமறைவில் இதே மூன்றாவது டேபிள்தான் இருக்கிறது, நம் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். நாளைக்குத் தரவை வேறு மென்பொருளுக்கு மாற்ற வேண்டிவந்தால் கண்ணெதிரே இருக்கும் டேபிள்தான் கைகொடுக்கும். ஆக்ஸஸிலும் நான் மூன்று டேபிளையே போடுவேன்.

பின்சேர்க்கை: இதைப் பார்த்துச் செய்த நண்பர்கள் இருவர் இரண்டு சிக்கல்களைச் சொன்னார்கள்.

வேலைகள் டேபிளில் 'ஐஸ்கிரீம் கவுன்டர்' சேர்த்தும் பட்டியலில் வரவில்லை என்றார் ஒருவர். லிஸ்ட் பாக்ஸில் கர்சரை வைத்து, கீழ்ப்பட்டையில் 'ரிஃப்ரெஷ் கன்ட்ரோல்' அழுத்துங்கள். ஃபார்மை மூடித் திறந்தாலும் வரும்.

இனிப்பும் பரோட்டாவும் இரண்டுமே தெரிந்தவர்களைத் தேடினால் ஒருவரும் வரவில்லை என்றார் இன்னொருவர். ஆள்வேலையில் வரிக்கு ஒரு வேலைதானே இருக்கிறது? ஒரே வரி இரண்டாகவும் இருக்க முடியாது. குவெரி டிசைனில் ஆள்வேலை டேபிளை இரண்டு முறை சேர்த்து, இரண்டையும் ஆட்களோடு இணையுங்கள். ஒன்றின் வேலைஎண்ணுக்கு இனிப்பின் எண்ணையும், மற்றதன் வேலைஎண்ணுக்குப் பரோட்டாவின் எண்ணையும் ஒரே 'க்ரைடீரியன்' (நிபந்தனை) வரியில் கொடுங்கள். மாமாவின் பட்டியலில் இப்படித் தேடியபோது 2 பேர் வந்தார்கள்.