ஜிபிஎஸ்ஸை ஸ்கேனரில் இணைக்கும்போது

வண்டியில் வைத்து ரேடியோ அலைவரிசைகளைத் தேடிக் கேட்கும் ஸ்கேனரில் சின்ன ஜிபிஎஸ் ரிசீவரை இணைத்தும் திரையில் இருப்பிடம் வரவில்லையா? முதலில் பாட் ரேட்டை, அதாவது தரவு அனுப்பும் வேகத்தைப் பாருங்கள். ஜிபிஎஸ் கருவிகள் தரவு அனுப்பப் பின்பற்றும் என்எம்இஏ 0183 தரத்தின் வழக்கமான வேகம் 4800. ஆனால் பல சிறு ரிசீவர்கள் 9600-இல் அனுப்புகின்றன. ஸ்கேனர் மெனுவிலும் அதே எண் இருக்க வேண்டும்.

அப்புறம் ஒயர். ரிசீவரின் டிஎக்ஸ் (தரவு அனுப்பும் முனை), ஸ்கேனரின் தரவு பெறும் முனையான ஆர்எக்ஸுக்குப் போகட்டும். கிரவுண்ட் இரண்டுக்கும் பொது. இங்கே அவசரம் வேண்டாம்! டிடிஎல் எனும் குறைந்த வோல்ட் சிக்னல் வகை ரிசீவர் 3.3 அல்லது 5 வோல்ட்டில் பேசும். ஸ்கேனரில் இருப்பது ஆர்எஸ்-232 வகை சீரியல் போர்ட் என்றால் அதில் மைனஸ் வோல்ட்டும் வரும், நேரடியாகக் கொடுத்தால் ரிசீவர் கெட்டுவிடலாம். நடுவில் வோல்ட் அளவை மாற்றித் தரும் லெவல் கன்வர்ட்டர் போடுவதுதான் பாதுகாப்பு.

ரிசீவரை வானம் தெரியும்படி டாஷ்போர்டின் மேல் ஒட்டுங்கள். முன்கண்ணாடியில் உலோகப் பூச்சு இருந்தால், வண்டியின் கூரைமேல் வைப்பதே சரி.