ஆப்பை அழிக்கும் முன் ஒரு படம் எடுத்து வையுங்கள்

கணவரையோ துணையையோ பிரிந்து வந்த பிறகும் நீங்கள் எங்கே போனீர்கள், யாரைப் பார்த்தீர்கள் என்பதெல்லாம் அந்த ஆளுக்குத் தெரிந்துகொண்டே இருக்கிறதா? நடு ராத்திரியில் ஏசி தானாக 16-க்கு இறங்குகிறதா, யாரும் தொடாமல் ஹால் விளக்கு எரிந்து அணைகிறதா? உங்களுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. வீட்டில் வைஃபையோடு இணைந்திருக்கும் ஏதோ ஒரு கருவியின் கணக்கு இன்னும் அவர் கையில் இருக்கலாம்.

இது புரிந்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: பாஸ்வேர்டை மாற்றுவது, ஆப்பை அழிப்பது, போனை ரீசெட் செய்வது. ஆத்திரம் நியாயம்தான், ஆனால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டு மாறியதும் அவருடைய மின்னஞ்சலுக்கு அறிவிப்பு போகலாம், பிடி நழுவுகிறது என்று தெரிந்தால் அவர் என்ன செய்வார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதைவிட முக்கியம், உங்கள் பக்கம் பேசப்போகும் சாட்சியே அந்தக் கருவிக்குள்தான் இருக்கிறது. ரீசெட் செய்தால் அதுவும் போச்சு.

முதலில் அவர் கை படாத ஒரு போன் வேண்டும். தோழியுடையது, அக்காவுடையது, எதுவானாலும் சரி. அதில் புதிதாக ஒரு மின்னஞ்சல் தொடங்கி, வக்கீல், உதவி எண், காவல் நிலையம் எல்லாவற்றையும் அதிலிருந்தே தொடர்பு கொள்ளுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் சாட்சி, சட்டம் எல்லாம் அப்புறம், முதலில் அங்கிருந்து வெளியேறுங்கள் (இந்தியாவில் அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181).

இப்போது சாட்சி. ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாமே என்று தோன்றும். வேண்டாம், அந்தப் படம் குடும்பத்தோடு பகிர்ந்த கிளவுட் ஆல்பத்தில் போய் உட்கார்ந்துவிடலாம், அவர் அங்கேயே பார்த்துவிடுவார். பாதுகாப்பான போனால் உங்கள் போனின் திரையைப் படம் எடுங்கள். எதையெல்லாம் என்றால், கணக்கில் இப்போது நுழைந்திருக்கும் கருவிகளின் பட்டியல், ஆப்பின் செயல் வரலாறு, கேமராவை யார் யாருக்குப் பகிர்ந்திருக்கிறது என்ற பக்கம், ரவுட்டரில் இணைந்திருப்பவை. தேதியும் நேரமும் படத்துக்குள் வரட்டும். கூடவே ஒரு சாதாரண நோட்டு. அதில் எழுதுவது இப்படி இருக்கட்டும்: "மார்ச் 4, இரவு 2.10. ஏசி 16-க்கு இறங்கியது. ஆப் வரலாற்றில் அவருடைய போனின் பெயர் இருந்தது. காலை 7.30-க்கு 'நல்லா தூங்கினியா?' என்று மெசேஜ்." அந்த மெசேஜை மட்டும் தனியாகக் காட்டினால் யாரும் சட்டை செய்ய மாட்டார்கள். 2.10-க்கும் 7.30-க்கும் நடுவில் கோடு போட்டுக் காட்டினால்தான் அது மிரட்டல் என்று புரியும்.

ஒரு எச்சரிக்கை. சாட்சி தேடுகிறேன் என்று அவருடைய கணக்குக்குள் நுழைந்துவிடாதீர்கள். பாஸ்வேர்டு தெரியும் என்பதும் நுழைய அனுமதி இருக்கிறது என்பதும் வேறு வேறு. பல நாடுகளில் அது உங்கள் மேல் வழக்காகத் திரும்பும்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? "வீடு என் பேர்ல, வைஃபை பில்லும் நான்தான் கட்றேன், பார்த்தா என்ன தப்பு?" என்பது வழக்கமாக வரும் வாதம். கருவி யாருடையது என்பதும் அதை வைத்து ஒரு மனுஷியை வேவு பார்க்கலாமா என்பதும் இரண்டு தனிக் கேள்விகள். இந்தியாவில் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆவது பிரிவு, ஒரு பெண்ணின் இணையம், மின்னஞ்சல் போன்ற மின்னணுத் தொடர்புகளை ஓர் ஆண் கண்காணிப்பதைப் பின்தொடர்தல் குற்றமாகச் சொல்கிறது. முதல் முறைக்கு 3 ஆண்டு வரை சிறை, மறுபடி செய்தால் 5 ஆண்டு வரை. கணவன் என்றால் பொருந்தாது என்று அதில் எங்கும் இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நெருங்கிய உறவில் ஒருவரைத் தொடர்ந்து கட்டுப்படுத்தி அடக்கி வைப்பதே 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், 5 ஆண்டு வரை தண்டனை. அங்கே 2018-ல் ஒரு வழக்கு: வீட்டின் விளக்கையும் ஹீட்டரையும் இயக்கச் சுவரில் மாட்டியிருந்த ஐபேடின் வழியாகப் பிரிந்த மனைவியின் பேச்சை ஒட்டுக்கேட்டவருக்கு 11 மாதச் சிறை கிடைத்தது.

ஆனால் என்னைக் கேட்டால், குற்ற வழக்கைவிட முதலில் கை கொடுப்பது, உங்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நீதிமன்றம் அவருக்குப் போடும் பாதுகாப்பு உத்தரவுதான். வேகமாகக் கிடைக்கும். இந்தியாவின் 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி மாஜிஸ்ட்ரேட்டிடம் மனு போட்டால், முதல் விசாரணை சாதாரணமாக 3 நாளுக்குள் வர வேண்டும். அவசரம் என்றால் எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்கால உத்தரவு தர 23-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. போனிலோ மின்னணு வழியிலோ தொடர்புகொள்வதைத் தடுக்கலாம் என்று 18-ஆவது பிரிவிலேயே இருக்கிறது.

நிறையப் பேர் கோட்டை விடுவது மனுவில் என்ன கேட்பது என்பதில். "எதிர்மனுதாரர் மனுதாரரைத் தொந்தரவு செய்யக் கூடாது" என்று மட்டும் உத்தரவு வந்தால், "நான் அவங்க பக்கமே போகலையே, என் போன்ல என் கேமராவைத்தான் பார்த்தேன்" என்று அவர் கைவிரிப்பார். அதனால் கருவிகளைப் பேர் சொல்லிக் கேளுங்கள். வக்கீலிடம் கிட்டத்தட்ட இப்படி எழுதிக் கொடுங்கள்: வீட்டிலுள்ள கேமரா, ஏசி, கதவுப் பூட்டு, ரவுட்டர், கார் ஆகியவற்றை எதிர்மனுதாரர் நேரடியாகவோ ஆப் வழியாகவோ வேறொருவர் மூலமாகவோ பார்க்கவோ இயக்கவோ கூடாது, அந்தக் கணக்குகளின் நிர்வாகி உரிமையை இத்தனை நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும், ஏற்கெனவே பதிவான வீடியோக்களை அழிக்கவோ யாருக்கும் அனுப்பவோ கூடாது. "வேறொருவர் மூலமாகவோ" என்பதை விட்டுவிடாதீர்கள், தம்பி போனிலிருந்து பார்ப்பது பழைய தந்திரம். குழந்தைகள் அவர் வீட்டுக்குப் போய் வருகிறார்கள் என்றால், அவர்களுடைய டேப்லெட்டும் ஸ்மார்ட் வாட்சும்கூட அந்தப் பட்டியலில் இருக்கட்டும்.

படங்களைத் தாக்கல் செய்யும்போது இந்தியாவில் பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுச் சான்றிதழ், அதாவது மின்னணுப் பதிவுகளுக்கான சான்றிதழ், கேட்பார்கள். வக்கீலுக்குத் தெரிந்த விஷயம்தான். உங்கள் வேலை, படம் எடுத்த போனை விற்காமல், ரீசெட் செய்யாமல் வைத்திருப்பது.

நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டங்கள் இப்போதுதான் வர ஆரம்பித்திருக்கின்றன. அமெரிக்காவில் 2022-ல் வந்த சட்டப்படி, பாதிக்கப்பட்டவர் உரிய ஆவணத்தோடு கேட்டால், செல்போன் நிறுவனம் அவருடைய இணைப்பைக் கூட்டுக் கணக்கிலிருந்து 2 வேலை நாளில் பிரித்துத் தர வேண்டும், அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. காரைத் தூரத்திலிருந்து ஆப் வழியாகப் பார்ப்பதையும் இயக்குவதையும் துண்டிக்க, அதே மாதிரி ஒரு சட்டத்தைக் கலிஃபோர்னியா 2024-ல் கொண்டுவந்தது. உங்கள் ஊரில் இப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும், நீதிமன்ற உத்தரவின் நகலோடு நிறுவனத்துக்கு எழுதுங்கள். வாடிக்கையாளர் சேவையில் "கணக்கு அவர் பேர்ல இருக்கு மேடம்" என்று போனை வைத்துவிடுபவர்கள்கூட, எழுத்தில் உத்தரவைப் பார்த்தால் மேலிடத்துக்கு அனுப்புவார்கள்.

பையிலோ கார் சீட்டுக்கு அடியிலோ, நீங்கள் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் டிராக்கர் கிடைத்தால் தூக்கி எறியாதீர்கள். ஆப்பிள், ஆண்ட்ராய்டு இரண்டிலும் 2024 மே முதல் தெரியாத டிராக்கர் கூடவே வந்தால் எச்சரிக்கை வருகிறது, அந்த எச்சரிக்கையையும் படம் எடுங்கள். ஆப்பிளின் ஏர்டேக் டிராக்கர் என்றால் போனை அதன் மேல் வைத்தாலே வரிசை எண் தெரியும். அந்த எண்ணை வைத்து உரிமையாளர் யார் என்று காவல்துறை நிறுவனத்திடம் கேட்க முடியும்.

இதெல்லாம் கையில் வந்த பிறகு, உத்தரவு அவருக்குச் சேரும் நாளாகப் பார்த்து, கணக்குகளில் அவருக்கு இருக்கும் பிடியை வெட்டுங்கள். முதலில் மின்னஞ்சல், ஏனென்றால் மற்ற எல்லாப் பாஸ்வேர்டும் அதன் வழியாகத்தான் மாறும். அடுத்து ரவுட்டர். பிறகு கேமரா, பூட்டு, கார், மீட்பு எண்ணாக இன்னும் அவருடைய நம்பர் இருக்கும் எல்லாக் கணக்கும்.

அதற்குப் பிறகும் ஒரு ராத்திரி ஏசி 16-க்கு இறங்கினால், எழுந்து படம் எடுங்கள், நோட்டில் நேரத்தைக் குறியுங்கள், விடிந்ததும் காவல் நிலையத்துக்குப் போங்கள். இப்போது அது உத்தரவை மீறியது. இந்தியாவின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 31-ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறை.