மழைக்கால வன்னியில் நத்தார் கேக்குக்கு ஐசிங்: முதன்முறை செய்பவர்களுக்கு

நத்தார் கேக் அடிப்பதை வன்னி வீடுகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ரவையை வறுத்து, கஜுவையும் பிளம்ஸையும் பூசணித் தோசியையும் பொடியாக வெட்டி ஊறவைத்து, கேக்கை வேகவைத்து எடுப்பது பல குடும்பங்களில் தாயிடமிருந்து மகளுக்கு வந்த வேலை. ஆனால் அதன் மேல் ஐசிங் போடுவது என்றதும் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அதற்கென்று தனியாகச் சாமான்கள் வேண்டும், வகுப்புக்குப் போய்ப் படித்திருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். எண்ணெய்த்தாள் ஒன்றும் அரிதட்டு ஒன்றும் தட்டையான கத்தி ஒன்றும் இருந்தால் அழகான கேக் ஒன்றை வீட்டிலேயே முடிக்கலாம்.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. கார்த்திகையும் மார்கழியும் நமக்கு மாரிகாலம். காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். சீனி அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும். குளிர்ந்த, வறண்ட காற்றுள்ள நாடுகளுக்கு எழுதப்பட்ட ஐசிங் குறிப்பை அப்படியே பின்பற்றினால் ஐசிங் காயாது, நிறம் கசியும், கோடு பரந்துபோகும். முல்லைத்தீவுக் கரையோரக் கிராமங்களில் கடற்காற்றும் சேர்வதால் இன்னும் மெதுவாகக் காயும். ஆகவே கீழே உள்ள செய்முறை முழுவதும் மூன்று விடயங்களைச் சுற்றியே போகிறது: ஐசிங்கைச் சற்று இறுக்கமாக அடியுங்கள், ஒவ்வொரு அடுக்கும் காய நேரம் கொடுங்கள், நிறத்தைக் கடைசியில் போடுங்கள்.

நாட்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

எல்லாவற்றையும் 24ஆம் திகதி பின்னேரம் செய்யலாம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். அன்று பலகாரமும் இருக்கும், நள்ளிரவுத் திருப்பலிக்குப் பிள்ளைகளை வெளிக்கிடுத்தவும் வேண்டும். 22ஆம் திகதி கஜுப் பூச்சு, 23ஆம் திகதி வெள்ளை ஐசிங், 24ஆம் திகதி காலையில் அலங்காரம் என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் காயும் நேரம் கிடைக்கும்.

ஐசிங் சீனியும் உணவு நிறமும் கிளிநொச்சி, வவுனியா நகரக் கடைகளில் கிடைக்கும். உட்கிராமங்களில் இருப்பவர்கள் நகரத்துக்குப் போகும்போது முன்கூட்டியே வாங்கி, காற்றுப் புகாத பேணியில் போட்டு வையுங்கள். திறந்து வைத்த பொதி இரண்டு மழை நாளிலேயே கட்டிபிடித்துவிடும். ஐசிங் சீனி கிடைக்காவிட்டால் சாதாரண வெள்ளைச் சீனி 250 கிராமுடன் ஒரு மேசைக்கரண்டி சோளமா சேர்த்து, ஈரமில்லாத மிக்சியில் மாவாக அரைத்து, இரண்டு முறை அரியுங்கள். கடையில் வாங்கியதையும் கட்டாயம் அரியுங்கள். ஒரு சிறு கட்டி போதும், ஐசிங் பிழியும் தாள் கூம்பின் துவாரத்தை அடைத்துவிடும்.

கஜுப் பூச்சு

நத்தார் கேக்கில் எண்ணெயும் பழச்சாறும் உண்டு. வெள்ளை ஐசிங்கை நேரடியாக அதன் மேல் பூசினால் மறுநாள் மஞ்சளும் பழுப்புமாகத் திட்டுப் பிடிக்கும். இடையில் ஒரு பூச்சு இருந்தால் அந்தக் கறை மேலே வராது. பாதாம் கிடைக்காத, கிடைத்தாலும் விலை கூடிய இடத்தில் கஜுவே சிறந்தது. சுவையிலும் அதுவே நம் கேக்குக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம்.

எட்டு அங்குலக் கேக்கின் மேற்பக்கத்துக்கு 200 கிராம் கஜுவும் 200 கிராம் ஐசிங் சீனியும் போதும். கஜுவை ஓரிரு மணி நேரம் மின்விசிறிக்குக் கீழே உலரவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டு அரையுங்கள். தொடர்ந்து அரைத்தால் சூடாகி எண்ணெய் கக்கும். அரைத்த கஜுவோடு ஐசிங் சீனி, ஒரு தேக்கரண்டி பன்னீர், நாலைந்து துளி அல்மண்ட் எசன்ஸ் சேருங்கள். முட்டை வெள்ளைக்கருவைச் சிறிது சிறிதாக விட்டுப் பிசைந்து, கையில் ஒட்டாமல் உருண்டு வரும்போது நிறுத்துங்கள். ஒரு வெள்ளைக்கரு முழுவதும் தேவைப்படாது.

கேக்கைக் கவிழ்த்து வையுங்கள். அடிப்பக்கம்தான் சமமாக இருக்கும், அதை மேற்பக்கமாக்குவதே எளிது. இரண்டு மேசைக்கரண்டி ஜாமை லேசாகச் சூடாக்கி வடித்து மேலே தடவுங்கள். கஜு உருண்டையை இரண்டு பொலித்தீன் தாள்களுக்கு இடையில் வைத்துத் தேய்த்து, கேக்கின் அளவுக்கு வட்டமாக வெட்டி ஒட்டுங்கள். ஒரு நாள் திறந்தபடி, மெல்லிய துணியால் மட்டும் மூடிக் காயவிடுங்கள்.

பக்கங்களை விட்டுவிடுங்கள். முதல் முறை செய்பவர் கேக்கின் பக்கங்களுக்கும் ஐசிங் பூச முயன்றால் பாதி நேரம் அதிலேயே போய்விடும். பளபளப்பான தாளையோ அகன்ற ரிபனையோ சுற்றி, பின்பக்கம் ஒட்டிவிட்டால் அழகாக இருக்கும்.

வெள்ளை ஐசிங் அடிப்பது

முட்டை வெள்ளைக்கரு 2, அரித்த ஐசிங் சீனி 400 கிராம், தேசிக்காய்ச் சாறு 1 தேக்கரண்டி. ராயல் ஐசிங் என்று சொல்வது இதைத்தான். பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இருக்கக் கூடாது. தேசிக்காய்த் தோலால் உட்புறத்தைத் துடைத்து, கழுவி, நன்றாக உலர்த்துங்கள். மஞ்சள்கரு ஒரு சொட்டு விழுந்தாலும் அந்த வெள்ளைக்கருவைக் கேக் அல்லது ஒம்லெட்டுக்கு எடுத்துக்கொண்டு, இதற்கு வேறொன்றை உடையுங்கள்.

வெள்ளைக்கருவை நுரை வரும் வரை அடித்து, சீனியைக் கரண்டி கரண்டியாகச் சேருங்கள். பாதி சேர்த்ததும் தேசிக்காய்ச் சாற்றை விடுங்கள். அது நுரையை நிலைநிறுத்தும், முட்டை வாடையையும் எடுத்துவிடும். மின்சாரம் நின்றுபோனால் மரக்கரண்டியால் அடித்தே முடிக்கலாம். நேரமும் கைவலியும் கூடும், ஐசிங் குறைந்துபோகாது.

பல குறிப்புகள் கிளிசரின் ஒரு தேக்கரண்டி சேர்க்கச் சொல்லும். ஐசிங் கல்லாக இறுகாமல் இருப்பதற்காக அது. கிளிசரினும் ஈரத்தை இழுக்கும். நம் மாரிகாலத்தில் ஐசிங் இறுகுவதே பெரிய காரியம் என்பதால் அதை விட்டுவிடுங்கள்.

பதம் பார்க்க, கரண்டியை ஐசிங்கில் அமிழ்த்தி மேலே தூக்குங்கள். தூக்கிய இடத்தில் எழும் முனை நேராக நின்றால் பனி அலங்காரத்துக்குச் சரி. நின்று நுனி மட்டும் லேசாக வளைந்தால் கோட்டுக்கும் புள்ளிக்கும் சரி. முனை நிற்காமல் கரைந்து இறங்கினால் இன்னும் சீனி சேருங்கள். இறுகிவிட்டால் அரைத் தேக்கரண்டி தேசிக்காய்ச் சாறு போதும். பாத்திரத்தை எப்போதும் ஈரத்துணியால் மூடி வையுங்கள், இல்லாவிட்டால் மேலே ஆடை கட்டி, அந்தத் துணுக்குகள் கூம்பை அடைக்கும்.

இதில் முட்டை பச்சையாக இருக்கிறது. புதிய, கழுவிய, ஓடு வெடிக்காத முட்டையையே எடுங்கள். கர்ப்பிணிகள், சிறு பிள்ளைகள், முதியவர்கள், நோயாளிகள் சாப்பிடும் கேக்குக்கு இதைவிட நீர் ஐசிங் பாதுகாப்பானது: 200 கிராம் ஐசிங் சீனியில் இரண்டு மேசைக்கரண்டி சுடுநீரைச் சிறிது சிறிதாக விட்டுக் குழைத்தால் அது தயார். அந்தக் கேக்குக்குக் கஜுப் பூச்சையும் வெள்ளைக்கருவுக்குப் பதிலாக ஜாம் விட்டுப் பிசையுங்கள். நீர் ஐசிங்கில் நுண்ணிய கோடுகள் அவ்வளவு தெளிவாக நிற்காது, பூசுவதற்கும் பெரிய புள்ளிகளுக்கும் நன்றாக இருக்கும்.

கூம்பு சுற்றுதல்

நொசில் (ஐசிங் பிழியும் உலோக முனை) இல்லாமல் வேலை செய்யக் கற்றுக்கொள்வது நல்லது. எண்ணெய்த்தாளில் 25 சென்ரிமீற்றர் சதுரம் ஒன்று வெட்டி, மூலைக்கு மூலை வெட்டி இரண்டு முக்கோணங்கள் ஆக்குங்கள். ஒரு முக்கோணத்தின் நீண்ட பக்கம் உங்களுக்கு எதிரேயும், அதற்கு எதிர் மூலை உங்களைப் பார்த்தபடியும் இருக்கட்டும். வலது மூலையை உள்நோக்கிச் சுருட்டி, உங்களைப் பார்க்கும் மூலையின் மேல் கொண்டுவந்து வைத்துப் பிடியுங்கள். இடது மூலையை வெளிப்புறமாகச் சுற்றிப் பின்னால் அதே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். மூன்று மூலைகளும் ஒன்றாகச் சேரும்போது நீண்ட பக்கத்தின் நடுவிடம் கூர்முனையாகிவிடும். மூலைகளை மெல்ல முன்பின் அசைத்தால் முனையில் உள்ள ஓட்டை அடைபடும். அடைபட்டதும் மூலைகளை உள்ளே இரண்டு முறை மடித்துவிடுங்கள்.

பாதிக்கு மேல் ஐசிங் நிரப்பாதீர்கள். நிரப்பிய பிறகுதான் முனையை வெட்ட வேண்டும்: எழுத்துக்கு 1 மில்லிமீற்றர், கோட்டுக்கும் புள்ளிக்கும் 2 மில்லிமீற்றர். இலைக்கு வேறொரு கூம்பின் முனையைத் தட்டையாக அழுத்தி, இரு பக்கமும் சாய்வாக வெட்டி அம்பு நுனியாக்குங்கள். மேலே மடித்த பகுதியை வலது உள்ளங்கையில் வைத்துப் பெருவிரலால் அழுத்துங்கள். இடது கை ஒரு விரலால் முனையைத் தாங்கி வழிகாட்டினால் போதும்.

கேக்கில் கைவைக்க முன் எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கவிழ்த்து அதன் முதுகில் பழகுங்கள். போட்டதை வழித்து மீண்டும் பாத்திரத்தில் சேர்த்துவிடலாம், ஒன்றும் வீணாகாது.

புள்ளிக்குக் கூம்பை நேர்குத்தாகப் பிடித்து, முனையைப் பரப்புக்குச் சற்று மேலே வைத்து அழுத்துங்கள். அளவு வந்ததும் அழுத்துவதை நிறுத்தி, அதன் பிறகே கையைத் தூக்குங்கள். அழுத்தியபடி தூக்குவதால்தான் வால் முளைக்கிறது. வால் வந்தால் ஈரவிரலால் தட்டிவிடுங்கள். கோடு போடும்போது முனையைத் தொடங்கும் இடத்தில் தொட்டு, உடனே ஒரு விரல் உயரம் தூக்கி, இறங்கும் நூலைக் கேக்கின் மேல் படுக்கவிட்டு, முடியும் இடத்தில் மறுபடி தொடுங்கள். முனையைப் பரப்பில் உரசி இழுப்பவர்களின் கோடுதான் நடுங்கும்.

வெள்ளைப் பூச்சும் மூன்று அலங்காரங்களும்

காய்ந்த கஜுப் பூச்சின் மேல் 23ஆம் திகதி ஐசிங்கைக் கொட்டி, தட்டையான கத்தியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். கத்தியைச் சுடுநீரில் நனைத்து, உதறி, ஒரே இழுவையில் சமப்படுத்துங்கள். மின்விசிறிக்குக் கீழே இரவு முழுவதும் விடுங்கள். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்காதீர்கள், வெளியே எடுத்ததும் வியர்த்து ஐசிங் உருகும். எறும்புக்கு, அகன்ற பேசினில் தண்ணீர் விட்டு, நடுவில் கவிழ்த்த கிண்ணத்தின் மேல் கேக் தட்டை வையுங்கள்.

முதல் அலங்காரம் பனி. இதற்குச் சமப்படுத்தும் வேலையே இல்லை. இறுக்கமான ஐசிங்கைப் பரப்பி, கரண்டியின் முதுகால் தொட்டுத் தொட்டுத் தூக்கினால் முனைகள் எழும். அதன் நடுவே கட்டியான தாளில் வெட்டிய நட்சத்திரம் ஒன்றையோ செர்ரிப் பழத் துண்டுகளையோ வைத்தால் முடிந்தது. நேரமில்லாதவர்களுக்கு இதுவே போதும்.

இரண்டாவது புள்ளி ஓரம். கேக்கின் விளிம்பைச் சுற்றி நெருக்கமாகப் புள்ளிகள், உள்ளே இரண்டு அங்குலம் தள்ளி இன்னொரு வட்டம், இரண்டையும் இணைக்கும் வளைந்த கோடுகள். மார்கழியில் முற்றத்தில் புள்ளி வைத்துக் கோலம் போட்டுப் பழகிய கைக்கு இது உடனே பிடிபடும். இடைவெளியைக் கண்ணால் அளந்து, முதலில் நான்கு திசையிலும் ஒவ்வொரு புள்ளி வைத்துவிட்டு இடையை நிரப்புங்கள்.

மூன்றாவது பனைமரம். ஊசியிலை மரத்தைத்தான் வரைய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நம் பாலன் குடிலுக்குப் பக்கத்தில் நிற்பது பனைதான். கொஞ்ச ஐசிங்கில் கொக்கோத் தூள் குழைத்து, அருகருகே இரண்டு நேர்கோடுகளும் குறுக்கே சிறு வளையங்களும் போட்டால் அடிமரம். பச்சை ஐசிங்கை இலைக் கூம்பில் நிரப்பி, உச்சியில் ஒரே இடத்திலிருந்து வெளியே இழுங்கள். கீழே சாயும் ஓலைகள் முதலில், மேலே நிமிரும் ஓலைகள் பிறகு. மரத்துக்கு மேலே மஞ்சளில் ஒரு நட்சத்திரம்.

நிறத்தைப் பல்குச்சியின் நுனியால் தொட்டுச் சேருங்கள். நீர்த்த நிறம் ஐசிங்கை இளக்கும், ஆகவே நிறம் சேர்த்த பின் மறுபடி பதம் பார்த்து, தேவையானால் ஒரு கரண்டி சீனி சேருங்கள். சிவப்பு மற்ற எல்லாவற்றையும்விட வேகமாகக் கசியும். வெள்ளை முழுவதும் காய்ந்ததும் அதைக் கடைசியாக, சிறு புள்ளிகளாக மட்டும் வையுங்கள்.

எழுதுவதற்கு

நீண்ட வாழ்த்தெல்லாம் வேண்டாம். ‘நத்தார்’ என்று மட்டும் எழுதுங்கள். அந்த அளவிலேயே தாளில் எழுதி, காய்ந்த ஐசிங்கின் மேல் வைத்து, எழுத்தின் வழியே ஊசியால் குத்தினால் தடம் கிடைக்கும். எழுத்தின் உயரம் 2 சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது. குறைந்தால் ‘ந’வின் வளைவுக்குள்ளும் ‘த’வின் சுழிக்குள்ளும் ஐசிங் ஒழுகி ஒன்றாகிவிடும். நேர்க்கோடுகளை முதலில் இழுங்கள், வளைவுகளைப் பிறகு சேருங்கள். ‘த்’, ‘ர்’ இரண்டின் புள்ளிகளும் எல்லாம் முடிந்து சற்று இறுகிய பிறகு. முந்திவைத்தால் கை பட்டு அழிந்துவிடும்.

பகிர்வதற்கு

அயலுக்குக் கொடுக்கும் சிறு துண்டுகளுக்கு ஐசிங் வேண்டாம். தாளில் சுற்றும்போது ஒட்டிக்கொள்ளும். அவற்றை வழக்கம்போல வெறும் கேக்காகவே சுற்றுங்கள். மார்கழியில் திருவெம்பாவை நோன்பு வருவதால் சில சைவ வீடுகளில் அந்த நாட்களில் முட்டை சேர்ப்பதில்லை. அவர்களுக்கு, முட்டை சேராத பிஸ்கட்டைப் பொதியில் பார்த்து வாங்கி, மேலே நீர் ஐசிங் பூசி, ஒரு நட்சத்திரம் வரைந்து அனுப்புங்கள். பிள்ளைகள் கூம்பு பிடித்துப் பழகவும் பிஸ்கட்டே நல்ல இடம்.

மீந்த ராயல் ஐசிங்கை மூடிய பேணியில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள். கேக்கை வெட்டும்போது நீண்ட கத்தியைச் சுடுநீரில் தோய்த்துத் துடைத்து, மேலிருந்து நேராக அழுத்துங்கள். அறுத்தால் ஐசிங் உடைந்து சிதறும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை மறுபடி துடையுங்கள்.